நூற்றிருபது வீட்டில் பன்னிரண்டு

எங்கள் மிசோம்பா கிராமத்தில் அப்போது நூற்றிருபது வீடுகள். அதில் பன்னிரண்டு வீடுகள்தான் பரம ஏழை என்று அரசாங்கம் முன்னமே முடிவு செய்திருந்தது. அந்தப் பன்னிரண்டு எவை என்பதை மட்டும் நாங்கள் சொல்ல வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்பது தலைநகரில் பிறந்த திட்டம். அந்த வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையில் பணம் கிடைக்கும். உரம், விதை என்று இல்லாமல் பணமாகவே, திருப்பிக் கேட்காத பணமாக.

இதை அறிவிக்க மாவட்ட அலுவலகத்திலிருந்து சிம்வாசா என்ற இளைஞர் வந்தார். பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் கூட்டம் கூடியது. நான் அந்தப் பள்ளியின் ஆசிரியர் என்பதால் குறிப்பெழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சிம்வாசா பேசி முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"எங்க ஊரைப் பாக்காமயே பன்னிரண்டுன்னு எப்படித் தம்பி தெரிஞ்சுது?"

சிம்வாசா மழுப்பவில்லை. "பணம் அவ்வளவுதாம்மா இருக்கு" என்றார். ஊரே சிரித்தது. எங்கள் ஊர்த் தலைவி மட்டும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தவளே வீடு வீடாகப் போய் விசாரிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் டோரிக்கா நகும்வா தேர்வுக் குழுவின் தலைவியானாள்.

டோரிக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. கணவன் தென்னாப்பிரிக்காவுக்கு வேலை தேடிப் போனான். இரண்டு வருடம் பணம் வந்தது, பிறகு தொலைபேசி மட்டும் வந்தது, பிறகு அந்த எண்ணே இல்லை என்று ஒரு குரல் சொல்ல ஆரம்பித்தது. மூன்று பிள்ளைகள். தாய்வழியில் வந்த துண்டு நிலத்துச் சோளம் டிசம்பர் வரை தாங்கும். மழை பிடித்ததும் மலையடிவாரத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போவாள், போக ஒன்றரை மணி நேர நடை. இரக்கப்பட்டு யாராவது பேசினால் அவளுக்குப் பிடிக்காது. "என் பிள்ளைங்களுக்கு அப்பன் இல்லைன்னு யாரு சொன்னா? இருக்கான், எங்கேன்னுதான் தெரியல" என்பாள்.

குழு ஒரு மாதம் ஊரைச் சுற்றியது. யார் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் குழுவில் இருந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. டோரிக்காவின் வீட்டைப் பற்றிப் பேசும்போது அவள் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தாள். அவளுடைய வீட்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று மற்றவர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். இப்படிப் பதினெட்டு பெயர் சேர்ந்தது. பிறகு சிம்வாசாவின் ஆட்கள் வந்து, கையகலக் கணினியை வைத்துக்கொண்டு அந்தப் பதினெட்டு வீட்டிலும் கேள்வி கேட்டார்கள். கூரை எது, ரேடியோ இருக்கிறதா, மிதிவண்டி இருக்கிறதா, உழைக்கக் கூடிய ஆள் இருக்கிறாரா. பதினெட்டைப் பன்னிரண்டாகக் குறைப்பது கணினியின் வேலை.

நவம்பரில் பட்டியல் வந்தது. சிம்வாசா அதை அகர வரிசைப்படி படித்தார். டோரிக்காவின் பெயர் இருந்தது. வைசனின் பெயர் இல்லை.

வைசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்று வட்டாரத்தில் செங்கல் அறுத்துச் சுவர் எழுப்புவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மூன்று வருடங்களுக்கு முன் மார்ச் மாதப் புயலில் அவனே கட்டிய சுவர் அவன் முழங்கால் மேல் விழுந்தது. அதே நாளில் மலைச்சரிவு அவனுடைய தங்கையையும் அவள் கணவனையும் வீட்டோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. தங்கையின் நான்கு பிள்ளைகள் மிஞ்சினார்கள். எங்கள் பக்கம் தங்கை பிள்ளைகள் என்றால் தாய்மாமனின் பொறுப்பு, அதில் பேச்சுக்கே இடமில்லை. புயலில் வீடிழந்தவர்களுக்கு ஏதோ தொண்டு நிறுவனம் தகரக் கூரை போட்டுக் கொடுத்தது. ஆக வைசன் வீட்டில் தகரக் கூரை இருந்தது. அவனால் மிதிக்க முடியாத மிதிவண்டி ஒன்றும், பேட்டரி இல்லாத ரேடியோவும் இருந்தன. கேட்ட கேள்விக்கெல்லாம் இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்.

பட்டியல் படித்து முடிந்ததும் ஊர் அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "தகரத்தைக் குழம்பு வைக்கலாமான்னு அந்தக் கணினிகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் ஒருவர் வெளியே போக வேண்டும் என்றார் சிம்வாசா. பட்டியலில் இருப்பவர்களில் தகுதி இல்லாதவர் யாராவது உண்டா என்று கேட்டார். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். டோரிக்காவும் தரையைத்தான் பார்த்தாள்.

நான்கு நாள் கழித்து, காலையில் நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்த டோரிக்காவுக்கு வைசன் வீட்டுப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அவன் கூரை மேல் இருந்தான். நல்ல காலை உத்திரத்தில் ஊன்றி, மற்றதைத் தொங்கவிட்டு, தகரத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நான்கு தகடுகள் கீழே கிடந்தன. பிள்ளைகள் சுவரோரம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"ஏழையாயிட்டு இருக்கேன் தங்கச்சி. இப்ப இருக்கறது பத்தலையாம்."

தகரத்தை விற்றுச் சோளம் வாங்குவது, கூரைக்குப் புல் போடுவது, அடுத்த கணக்கெடுப்பில் கணினி எப்படி ஒதுக்குகிறது என்று பார்ப்பது. இதுதான் அவன் திட்டம். மலை மேல் மேகம் கறுத்திருந்தது, மழைக்கு ஒரு வாரம்கூட இல்லை. புல் அறுக்கும் காலமும் முடிந்துவிட்டது. டோரிக்கா அவனிடம் சண்டை போடவில்லை. வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னாள். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் மீதித் தகரத்தைத் தானே வந்து பிடுங்குவதாக வாக்குக் கொடுத்துவிட்டு நேரே மாவட்ட அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சிம்வாசா உள்ளே கூப்பிட்டு, விதியை விளக்கினார். கூரை பிடிக்கவில்லை என்று பட்டியலை மாற்ற முடியாது. பதிவு செய்த தகவலில் பொய் இருந்தால் மாற்றலாம். அதற்குக் குழுத்தலைவி கையெழுத்துப் போட வேண்டும்.

"கூரை அவர் போட்டதில்ல தம்பி, போட்டுக் குடுத்தது."

"இருக்கா இல்லையான்னுதாம்மா கேள்வி. யார் போட்டான்னு கேக்க அதுல கட்டமே இல்ல."

வேறென்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றாள். அவர் படித்தார். குடும்பத் தலைவர் ஆண், உழைக்கும் வயது. உடல் குறை ஏதும் இல்லை.

டோரிக்கா அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

விஷயம் இதுதான். கேள்வி கேட்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தபோது வைசன் பாயில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தபடியே பதில் சொன்னான், உட்கார்ந்தபடியே வழியனுப்பினான். அவன் எழுந்து நடந்து அவள் பார்க்கவே இல்லை. உடம்பில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

இதைத் திருத்தலாம் என்றார் சிம்வாசா. அவருக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கணினித் திரையைப் பார்த்து எதையோ தட்டினார். முகம் மாறிவிட்டது. டோரிக்கா என்ன என்று கேட்டாள்.

"நான் இதைச் சொல்லக் கூடாதும்மா."

"சொல்லாம நான் எந்திரிக்கப் போறதில்ல."

வைசன் உள்ளே வந்தால் ஏழ்மை வரிசையில் கடைசியாக இருப்பவர் வெளியே போவார். அகர வரிசையில் படித்ததால் ஊரில் யாருக்கும் அந்த வரிசை தெரியாது. கடைசியாக இருந்தது டோரிக்கா. அவளுக்குப் புல் கூரைதான், ரேடியோவும் கிடையாது. ஆனால் கையும் காலும் நன்றாக இருந்தன.

திரும்பி வரும் வழியில் அவள் வைசன் வீட்டுக்குத்தான் போனாள். இது எனக்கு வைசனே பிற்பாடு சொன்னது. வந்ததும் உட்காரக்கூட இல்லையாம்.

"அண்ணே, பொய் சொன்னது கணினி இல்ல, நீங்க."

அவன் பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னான். "அன்னைக்கு இதுங்க நாலும் பக்கத்துல நின்னுச்சுங்க. ஏற்கெனவே அம்மா அப்பா போயாச்சு. மாமாவாலயும் முடியாதுன்னு அதுங்க காதுல விழணுமா?"

டோரிக்காவால் அதற்கு மேல் திட்ட முடியவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நடந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். யார் பெயர் போகும் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் கூட்டம் கூடியது. பாயிலிருந்து நான் எழுதிக்கொண்டிருந்த மேசை வரை பத்தடி இருக்கும். வைசன் கோலை ஊன்றி எழுந்தான். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, மடங்காத காலை அரைவட்டமாக வீசி வைத்தான். கோல் மண்ணில் குத்தும் சத்தம் மட்டும் கேட்டது. ஊரில் எல்லோரும் அவன் நடப்பதைத் தினமும் பார்ப்பவர்கள்தான், ஆனாலும் அன்று யாராலும் பார்க்க முடியவில்லை. மேசையருகே வந்து, "என்னால செங்கல் வேலை பண்ண முடியாது. எந்த வேலையும் நின்னு பண்ண முடியாது" என்றான். தங்கை பிள்ளைகளில் மூத்தவளான அவன் மருமகளுக்கு அப்போது பதிமூன்று வயது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவால் முடியாது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு எப்போதோ தெரியும் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

திருத்தப் படிவத்தை நான் எழுதி முடித்தேன். குழுத்தலைவியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. டோரிக்கா நாளைக்கு வருகிறேன் என்று போனாள். நாளைக்கு வரவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, ஏனென்றால் அந்தக் கடைசி இடத்து விஷயம் எனக்கு அப்போது தெரியாது. அதற்கு மறுநாள் வியாழக்கிழமை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கால் நிறையப் புழுதியோடு வந்து வாசலில் நின்றாள். கையெழுத்துப் போட்டாள்.

"வாத்தியாரே, இது எப்ப போகும்?"

நாளைக்கு என்றேன்.

"இன்னைக்கே அனுப்பிடுங்க. நாளைக்கு எனக்கு மனசு மாறிடும்."

திருத்திய பட்டியல் வந்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வைசன் கோலை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டான். முன்னமே சொல்லியிருந்தால் எழுந்து நடந்திருக்கவே மாட்டேன் என்றான். அதனாலதான் சொல்லல என்றாள் அவள். பாதிப் பணம் தருகிறேன் என்றான். பிச்சை போட வந்திருந்தால் அப்படியே திரும்பிப் போகலாம் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து இருவரையும் பிரித்துவிட வேண்டியிருந்தது.

அந்த வருடம் மழை பிந்தியது. ஜனவரியில் முதல் தவணை கைக்கு வந்தது. வைசன் பிடுங்கிய தகடுகளைத் திரும்ப அடித்தான், பிள்ளைகளுக்குச் சோள மாவு வாங்கினான். மறுநாள் அவன் மருமகள் ஒரு வாளி மாவைத் தலையில் சுமந்து டோரிக்கா வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். உதவிப் பணத்தைப் பங்கு போடக் கூடாது என்று அரசு விதி இருந்தது. அந்த வாளியைத் தெருவே பார்த்தது, யாரும் சிம்வாசாவிடம் சொல்லவில்லை. டோரிக்கா அதைக் களி கிண்டிப் பிள்ளைகளுக்குப் போட்டு, தானும் சாப்பிட்டாள். தேயிலைத் தோட்டத்திலும் மழை இல்லாமல் கொழுந்து குறைந்து, வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை இருந்தது. "வேணாம்னு திருப்பி அனுப்புற அளவுக்கு நான் நல்லவ இல்ல வாத்தியாரே" என்று என்னிடம் சொன்னாள். அந்தக் கையெழுத்துக்காகப் பிப்ரவரி முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டதாகவும் சொன்னாள்.

அந்தப் பிப்ரவரியில்தான் தலைநகரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். திட்டம் எப்படி நடக்கிறது, வறுமையைக் குறைக்க இன்னும் என்ன செய்யலாம் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரைச் சொன்னது சிம்வாசா. மூவரில் மூத்தவர் ஒரு பெண்மணி, மூக்குக்கண்ணாடி போட்டவர், எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசினார். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்றார் ஒருவர். உரம் விதைப்புக்கு முன்னால் வர வேண்டும், களை எடுக்கும்போது வந்தால் என்ன பிரயோசனம் என்றார் இன்னொருவர். ஊர்த் தலைவி, அந்தப் பணத்தை நூற்றிருபது வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டால் ஊருக்குள் மனஸ்தாபம் இராது என்றார். பிரித்தால் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று அந்த அம்மா கேட்டார். உப்பும் சோப்பும் வாங்கலாம் என்றார் தலைவி. அதை வைத்து யாராவது வறுமையிலிருந்து மீள முடியுமா என்று கேட்டார் அந்த அம்மா. மீள முடியாது, ஆனால் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளலாம் என்றார் தலைவி.

டோரிக்கா கடைசியில்தான் எழுந்தாள்.

"பட்டியல் படிச்ச கூட்டத்துல யாரு வெளியே போறீங்கன்னு கேட்டப்ப நான் வாயத் தொறக்கல. என்னை விடக் கஷ்டப்படறவர் எதிர்ல உக்காந்திருந்தார், எனக்குத் தெரியும். இருந்தும் பேசல. நான் கெட்டவ இல்லம்மா, எனக்கும் பிள்ளைங்க இருக்கு. நீங்க பன்னிரண்டுல ஒரு கோடு போட்டீங்க, அதனால அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல நிக்கிறவங்கதான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியாமப் போச்சு."

அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். உழைக்கவே முடியாதவர்களுக்குப் பணம் கொடுங்கள், அதில் பத்துக்கு ஒன்று என்று எண்ணாதீர்கள், எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்குக் கொடுங்கள் என்றாள் டோரிக்கா. என்னைப் போல் உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு வேலை கொடுங்கள், ஆனால் சோளம் தீர்ந்துபோகும் மாதங்களில் கொடுங்கள். அறுவடை மாதத்தில் எங்களுக்கே எங்கள் நிலத்தில் வேலை இருக்கும். பேரழிவில் கொடுத்த பொருளைச் சொத்தென்று எழுதாதீர்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னாள்.

"செப்டம்பர்ல வந்து கணக்கெடுக்காதீங்க. அப்ப எங்க எல்லார் வீட்டுலயும் சோளம் இருக்கும், எல்லாரும் பணக்காரங்க. பிப்ரவரியில வாங்க. எந்த வீட்டு அடுப்பு புகையுதுன்னு தெருவுல நின்னாலே தெரியும்."

அந்த அம்மா திரும்பித் தெருவைப் பார்த்தார். மதியம் பன்னிரண்டு மணி. எனக்குத் தெரிந்து இரண்டு வீட்டில்தான் புகை வந்தது.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருடம் எந்தச் செய்தியும் இல்லை. சிம்வாசாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாவது வருடம் ஜனவரியில் எங்கள் பகுதியில் மண்ணரிப்பைத் தடுக்க வரப்பு போடும் கூலி வேலை ஆரம்பித்தது, மார்ச் வரை நடந்தது. டோரிக்கா ஒரு குழுவுக்கு மேஸ்திரியானாள். அவள் அன்று பேசியதால்தான் இது வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவளும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. இருபது ஊரில் இதையே சொல்லியிருப்பார்கள், எல்லாருக்கும் வயிறு ஒன்றுதானே என்பாள். பத்துக்கு ஒன்று என்ற எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. பன்னிரண்டு பதினைந்து ஆனது. பாலம் இன்னும் வரவில்லை.

வைசனுக்குப் பணம் தொடர்ந்து வந்தது. மூத்த மருமகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போனாள். வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே செங்கல் அச்சு செய்து விற்கக் கற்றுக்கொண்டான். வாளி மாவு டோரிக்கா வீட்டுக்கு இரண்டு வருடம் போனது, கூலி வேலை வந்ததும் அவளே நிறுத்தச் சொன்னாள். அவளும் அவனும் இன்றுவரை பார்த்துக்கொண்டால் முதலில் சண்டைதான் போடுவார்கள்.

டோரிக்காவின் பெயர் அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் வரவில்லை. தேர்வுக் குழுத் தலைவியாக மட்டும் ஊர் அவளை மறுபடி மறுபடி தேர்ந்தெடுக்கிறது. புதிய படிவத்தில் கூரையைப் பற்றிய கேள்விக்குக் கீழே இன்னொரு கட்டம் வந்திருக்கிறது, அது யார் போட்டுக் கொடுத்தது என்று. கணக்கெடுப்பும் இப்போது பிப்ரவரியில்தான் நடக்கிறது. அந்த மாதத்தில் ஆறு பெருகி வண்டி எதுவும் வராது. அதிகாரிகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் இரண்டு மைல் நடந்து வருகிறார்கள். டோரிக்கா அவர்களைக் கரையில் நின்று வரவேற்று, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, எந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்கிறாள்.